மாடி எழும்பும் பள்ளியில் பிள்ளைகள்: அந்தக் கடிதத்தில் கையெழுத்திடலாமா?

கேள்வி: குடியாத்தம் வட்டத்தில் அரசு உதவிபெறும் நடுநிலைப் பள்ளி ஒன்றில் தலைமை ஆசிரியையாக இருக்கிறேன். முன்புறம் பழைய மெட்ராஸ் டெரஸ் கட்டடம். பின்புறம் பின்னாளில் கட்டிய கான்கிரீட் கட்டடம். பழையதன் கூரையைப் பழுதுபார்த்து, பின்கட்டடத்தின்மேல் இரண்டு வகுப்பறைகள் எழுப்புகிறார்கள். மே விடுமுறையில் முடிய வேண்டிய வேலை. நன்கொடைப் பணம் வரத் தாமதமானதால் பள்ளி திறந்த பிறகுதான் தொடங்கியது. கீழே வகுப்புகள் நடக்கின்றன. செயலர் ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்து தந்து கையெழுத்துக் கேட்கிறார். “கட்டுமானப் பணி முடியும்வரை மாணவர்களின் பாதுகாப்புக்கு நானே முழுப் பொறுப்பு ஏற்கிறேன்” என்று அதில் இருக்கிறது. நிர்வாகத்தினர் கெட்டவர்கள் அல்ல. புது வகுப்பறைகள் எங்களுக்குக் கட்டாயம் வேண்டும். கையெழுத்திடலாமா? மறுத்தால் வேலைக்கு ஆபத்து வருமா? அசம்பாவிதம் நடந்தால் சட்டம் யாரைப் பிடிக்கும்? படங்கள் இணைத்திருக்கிறேன்.

பதில்: கையெழுத்திடாதீர்கள். ஆனால் வெறுமனே மறுத்துவிட்டுச் சும்மாவும் இருக்காதீர்கள். அந்தக் கடிதத்துக்குப் பதிலாக நீங்கள் ஒரு கடிதம் எழுத வேண்டும். அதில் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய படங்களில் ஒன்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்கட்டடத்தின் ஓரம் ஒரு கயிறு கட்டியிருக்கிறது. கயிற்றில் கிழிந்த சிமெண்ட் சாக்குத் துண்டுகள் தொங்குகின்றன. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தக் கயிறு தலைக்கு மேலே இருக்கும். குனியாமலே உள்ளே போய்விடலாம். கயிற்றுக்கு அந்தப்பக்கம் சவுக்குக் கழிச் சாரம், அதன் அடியில் குடிநீர்த் தொட்டி. பூசு சிமெண்ட் காயாத திண்ணையில் ஒரு சின்னக் காலடி அச்சு. அந்தப் பிள்ளை எதற்காக அங்கே போனது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை, தாகத்துக்குப் போயிருக்கிறது. பள்ளியின் ஒரே தண்ணீர்த் தொட்டி சாரத்துக்குக் கீழே இருந்தால் கயிறு எதைத் தடுக்கும்?

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். குற்றப் பொறுப்பை ஒருவர் எழுதிக் கொடுத்து இன்னொருவர் வாங்கிக்கொள்ள முடியாது. நீங்கள் பத்துக் கடிதத்தில் கையெழுத்திட்டாலும் நிர்வாகமோ ஒப்பந்ததாரரோ பொறியாளரோ விடுபட மாட்டார்கள். கட்டடத்தை இடிக்கும்போதோ பழுதுபார்க்கும்போதோ கட்டும்போதோ அது சரிந்து உயிருக்கு ஆபத்து வராதபடி போதிய ஏற்பாடு செய்யத் தவறுவதே பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 290ஆம் பிரிவின்படி குற்றம். யாருக்கும் அடிபட்டிருக்க வேண்டும் என்பதில்லை. அலட்சியத்தால் உயிர் போனால் 106ஆம் பிரிவு. ஐந்து ஆண்டு வரை சிறை. பொறுப்பில் உள்ள குழந்தையை வேண்டுமென்றே கவனியாமல் விடுவதற்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு தனியாக இருக்கிறது.

அப்படியென்றால் அந்தக் கடிதம் வெற்றுக் காகிதம்தானே, கையெழுத்திட்டால் என்ன என்று தோன்றலாம். அங்கேதான் வலை இருக்கிறது. அலட்சிய வழக்கில் நீதிமன்றம் முதலில் கேட்பது இரண்டு: ஆபத்து இருப்பது யாருக்குத் தெரிந்திருந்தது? அதைத் தடுக்கும் நிலையில் யார் இருந்தார்? இந்த இரண்டு கேள்விக்கும் ‘நான்’ என்று நீங்களே எழுதிக் கொடுக்கும் விடைதான் அந்தக் கடிதம். அது மற்றவர்களைக் காப்பாற்றாது. உங்களை மட்டும் மாட்டிவிடும்.

2004 ஜூலை 16ஐ நம் தலைமுறை ஆசிரியர்கள் மறந்திருக்க முடியாது. கும்பகோணத்தில் பள்ளிச் சமையல் கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகள் இறந்தார்கள். 2014 ஜூலையில் தஞ்சாவூர் நீதிமன்றம் தண்டித்த பத்துப் பேரில் பள்ளி நிறுவனர் மட்டும் இல்லை. தலைமை ஆசிரியை இருந்தார், சத்துணவு அமைப்பாளர் இருந்தார், சமையலர் இருந்தார், பொறியாளர் ஒருவரும் இருந்தார். பிறகு மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் சிலரை விடுவித்தது, சிலரின் தண்டனையைக் குறைத்தது. ஆனால் தீ நடந்த நாளிலிருந்து அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. தலைமை ஆசிரியர் என்ற பதவி சட்டத்தின் கண்ணில் எங்கே நிற்கிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தத் துயரத்தை அடுத்துத் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009இல் தெளிவாகச் சொன்னது: கல்வி பெறும் உரிமையில் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அடங்கும்.

ஆகவே உங்களுக்குப் பொறுப்பே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பெற்றோர் பிள்ளையை வாசலில் விட்டுவிட்டு பீடி சுற்றவும் தறிக்கும் போன பிறகு, அந்தப் பிள்ளைக்கு நீங்கள்தான் பெற்றோர் இடத்தில் இருக்கிறீர்கள். ஆனால் உங்கள் பொறுப்பு உங்கள் அதிகாரம் எட்டும் தூரம் வரைதான். எந்த வகுப்பு எங்கே நடக்கும், இடைவேளை எப்போது, பிள்ளைகள் எந்த வழியாகப் போவார்கள் என்பதெல்லாம் உங்கள் கையில். சாரம் எப்படிக் கட்டுவது, கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் சென்ட்ரிங்கை எப்போது பிரிப்பது, கம்பி எங்கே இறக்குவது என்பது உங்கள் கையில் இல்லை. மேஸ்திரி உங்கள் சொல்லைக் கேட்பாரா? “செயலர் ஐயாவிடம் பேசுங்கள்” என்பார். அவருக்கு உத்தரவிட முடியாத நீங்கள் அவர் வேலைக்குப் பொறுப்பேற்கக் கூடாது.

இனி நீங்கள் எழுத வேண்டிய கடிதம். செயலருக்கு முகவரியிட்டு, மரியாதையான மொழியில், குற்றம் சாட்டும் தொனி இல்லாமல் எழுதுங்கள். ஏறக்குறைய இப்படி இருக்கட்டும்:

“தாங்கள் அளித்த உறுதிமொழிக் கடிதம் கிடைத்தது. மாணவர்களின் நடமாட்டம், வகுப்பு இடமாற்றம், இடைவேளைக் கண்காணிப்பு ஆகியவற்றுக்கு நான் பொறுப்பேற்கிறேன். கட்டுமானப் பணியின் பாதுகாப்பு என் கட்டுப்பாட்டில் இல்லாததால் அதற்குப் பொறுப்பேற்க இயலவில்லை. பிள்ளைகளுக்கு ஆபத்து என்று தோன்றும் வேளையில் பணியை உடனே நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தை எனக்கு எழுத்தில் வழங்கி, அதன் நகலை ஒப்பந்ததாரருக்கும் அளிக்கக் கோருகிறேன். கீழ்க்கண்ட குறைகளை உடனே சரிசெய்யவும் வேண்டுகிறேன்.”

இதன்கீழ் கயிறு, தண்ணீர்த் தொட்டி, சாரம் என்று கண்ணால் கண்டதை மட்டும் தேதியோடு எழுதுங்கள். படங்களை இணையுங்கள். நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக நகலில் கையெழுத்து வாங்குங்கள்; தர மறுத்தால் பதிவு வசதியுடன் விரைவுத் தபாலில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வாங்கி வையுங்கள். வட்டாரக் கல்வி அலுவலர் வழியாக மாவட்டக் கல்வி அலுவலருக்கு ஒரு நகல் போகட்டும். நல்ல நிர்வாகம் என்கிறீர்கள். நல்ல நிர்வாகத்துக்கு இந்தக் கடிதம் உதவியாகத்தான் இருக்கும்.

அடுத்து, பள்ளிக்காரர்கள் ‘நான்கு சான்று’ என்று சொல்லும் அந்தக் கோப்பை எடுத்துப் பாருங்கள். கட்டட உறுதிச் சான்று, வட்டாட்சியர் வழங்கும் கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று. 1965ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டப்படி உரிமம் பெற்றது மாடி இல்லாத கட்டடம். மாடி ஏறியபின் அந்தப் பழைய காகிதத்தைக் காட்டிப் புது வகுப்பறையில் பிள்ளைகளை உட்கார வைக்கக் கூடாது. கூடுதல் தளத்துக்குத் திட்ட அனுமதி வாங்கியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். வாங்காமல் கட்டினால் 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி வேலையை நிறுத்தவும் கட்டியதை அகற்றவும் அதிகாரம் உண்டு. கீழ்த்தளச் சுவரும் அடித்தளமும் மாடியைத் தாங்கும் என்று பொறியாளர் எழுத்தில் தந்திருக்கிறாரா? மூன்றிலும் நான் முதலில் கேட்பது இந்தக் கடைசிக் கேள்வியைத்தான்.

ஒப்பந்ததாரரோடு போட்ட ஒப்பந்தத்தைச் செயலர் மீண்டும் எடுத்துப் படிக்க வேண்டும். பெரும்பாலான பள்ளி ஒப்பந்தங்களில் சதுர அடிக்கு எவ்வளவு, எத்தனை தவணை என்பது மட்டும் இருக்கும். பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்கள் என்ற ஒரு வரி இருக்காது. அதைத் துணை ஒப்பந்தமாக இப்போதும் சேர்க்கலாம். கயிறு வேண்டாம், ஆள் உயரத்துக்குத் தகரத் தடுப்பு. கட்டுமானப் பொருள் வரும் வண்டிக்குத் தனி வாசல். தனி வாசல் இல்லையென்றால் காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஐந்து மணிக்குப் பின்பும் மட்டும் வண்டி. கூரை இடிப்பதும் கான்கிரீட் போடுவதும் ஞாயிற்றுக்கிழமையும் தேர்வு விடுமுறையும் மட்டும். தொழிலாளர்களுக்குத் தனிக் கழிப்பறை, பெயர்ப் பட்டியல். மூன்றாம் நபருக்கு ஏற்படும் காயத்துக்கும் இழப்புக்கும் சேர்த்துக் காப்பீடு.

கூரையைத் தாங்க நிறுத்தும் முட்டுகளின் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மெட்ராஸ் டெரஸ் கூரையில் தேக்குச் சட்டங்களின்மேல் செங்கல்லை நிறுத்திச் சுண்ணாம்பால் பிணைத்திருப்பார்கள். ஒரு சட்டத்தைக் கழற்றினால் பக்கத்துச் செங்கல் வரிசையும் பிடி விடலாம். எனவே பழுது நடக்கும் அறை மட்டுமல்ல, அதை ஒட்டிய அறையும் காலியாக இருக்க வேண்டும். கான்கிரீட்டுக்கும் காலக்கெடு உண்டு. இந்தியத் தர நிர்ணயம் 456இன்படி ஆறு மீட்டருக்கு மேல் நீளும் உத்திரத்தின் முட்டுகளைச் சாதாரண நிலையில் 21 நாள் எடுக்கக் கூடாது. முட்டு நிற்கும் நாளெல்லாம் அந்த அறையில் வகுப்பு இல்லை என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். கான்கிரீட்டுக்கு விடும் தண்ணீர் சுவர் வழியாக இறங்கிச் சுவிட்ச் பெட்டிக்குள் போவதையும் பார்த்திருக்கிறேன். மின்பணியாளர் ஒருவர் சரிபார்க்கும்வரை அந்த அறைக்கு மின்சாரம் வேண்டாம்.

உங்கள் கடிதத்தின் ஓரத்தில் போகிறபோக்கில் எழுதியிருந்த ஒரு வரி என்னை வருத்தியது. எட்டாம் வகுப்புப் பையன்கள் இடைவேளையில் செங்கல் தூக்கிக் கொடுக்கிறார்கள், ஆர்வமாகத்தான் செய்கிறார்கள் என்று. இன்றோடு நிறுத்துங்கள். பதினான்கு வயது நிறையாத பிள்ளையை எந்த வேலையிலும் ஈடுபடுத்தக் கூடாது என்பது சட்டம். ஆர்வமாகச் செய்தான் என்பதை யாரும் பதிலாக ஏற்க மாட்டார்கள். அவன் தோளில் இருக்க வேண்டியது புத்தகப் பை.

இடம் போதாது என்பது உண்மையான சிக்கல். ஒன்று முதல் ஐந்து வரை ஆண்டுக்கு 200 நாளும் ஆறு முதல் எட்டு வரை 220 நாளும் பள்ளி நடக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. மாதக்கணக்கில் மூடவும் முடியாது. கல்வி அலுவலரின் அனுமதியோடு காலை, மாலை என இரு வேளையாகப் பிரிக்கலாம். பக்கத்துப் பள்ளியின் காலி அறைகளைக் கேட்கலாம். தற்காலிகக் கொட்டகை போடுவதானால் கீற்று கூடவே கூடாது. தகரம் வேயலாம் என்பார்கள். நம் வேலூர் வெயிலில் தகரத்தின் கீழே பிற்பகலில் பிள்ளைகள் மயங்கி விழுவார்கள். காலை வேளைக்கு மட்டும் அதை ஒப்புக்கொள்ளலாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டுங்கள். முக்கால் பங்கு பெற்றோர் இருக்கும் குழு அது. உதவிபெறும் பள்ளியில் அதற்கு ஆலோசனை சொல்லும் வேலை மட்டும்தான். ஆனால் தீர்மானப் புத்தகத்தில் ஏறிய வரியை யாராலும் தெரியாது என்று சொல்ல முடியாது.

இத்தனைக்கும் பிறகு ஒன்றும் மாறாவிட்டால்? குடியாத்தம் வட்டாட்சியருக்கு மனு கொடுங்கள். உரிமம் வழங்குபவர் அவர்தான். விழும் நிலையில் உள்ள கட்டடத்தை அகற்றவோ பழுதுபார்க்கவோ முட்டுக் கொடுக்கவோ பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவில் வருவாய்க் கோட்டாட்சியர் நிபந்தனை ஆணை பிறப்பிக்கலாம். குடியாத்தத்திலேயே கோட்டாட்சியர் அலுவலகம் இருப்பதால் இதற்காக வேலூர் வரை அலைய வேண்டாம். சத்துவாச்சாரியில் திங்கள்தோறும் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடமும் பெற்றோர் மனு கொடுக்கலாம். இதைப் படிக்கும் ஆற்காடு, வாலாஜா, ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: 2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகும் பழைய வழக்கத்தில் வேலூருக்கே மனுவோடு வருகிறீர்கள். ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆட்சியர்களிடம்தான் நீங்கள் போக வேண்டும்; பிள்ளைகள் விஷயத்தில் ஒரு வாரம் வீணாவதும் ஆபத்து. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு கடைசி வழி. இந்த மனுக்களின் நகல்கள் கையில் இருந்தால்தான் அங்கே பேச்சு எடுபடும்.

வேலை போய்விடுமோ என்ற கவலைக்கு: உதவிபெறும் பள்ளி ஆசிரியரை நிர்வாகம் நினைத்த மாத்திரத்தில் நீக்கிவிட முடியாது. குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விசாரணை, கல்வித் துறை என்று படிகள் இருக்கின்றன. பிள்ளைகளின் பாதுகாப்புக்காகக் கடிதம் எழுதியதைக் குற்றம் என்று எந்த விசாரணையிலும் நிறுத்த முடியாது. வாய்மொழியாக மிரட்டினால் அன்றைக்கே தேதி போட்டுக் குறித்து வையுங்கள்.

கடிதத்துக்குப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் பின்கட்டடத்து வகுப்புகளை வெளியே கொண்டுவாருங்கள். குடிநீருக்கு முன்வாசல் பக்கம் இரண்டு பெரிய பாத்திரங்களை மூடி போட்டு வைத்து, அங்கே ஓர் ஆசிரியரை நிறுத்துங்கள். இதற்கு நீங்கள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.