சின்னப் பிள்ளைகளோடு பிரான்ஸ்: கேள்வியும் பதிலும்

எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிரான்ஸ் போகிறவர்கள் கேட்டவை இவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஒரே பதிலாகக் கொடுத்திருக்கிறேன். கட்டணங்கள் மாறிக்கொண்டே இருக்கும்; பணம் கட்டுமுன் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

சென்னை: அக்கா, மே மாதம் பத்து நாள் போகிறோம். பெரியவளுக்கு 6, சின்னவனுக்கு 2. பாரிஸ், மோன் சேன் மிஷெல், லியோன், நீஸ் நாலையும் திட்டத்தில் போட்டாச்சு. ரொம்ப அதிகமோ?

அதிகம்தான். இரண்டை வெட்டிவிடுங்கள். ஊர் மாறும் நாளில் காலை 11 மணிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். அடுத்த ஊரில் அறை 3, 4 மணிக்குத்தான் கிடைக்கும். நடுவில் சின்னவனின் மதியத் தூக்கம் ஸ்டேஷன் பெஞ்சில்தான். பாரிஸிலிருந்து லியோன் தெஜேவே (TGV) என்ற அதிவேக ரயிலில் 2 மணி நேரம், பரவாயில்லை. நீஸுக்குக் கிட்டத்தட்ட 6 மணி நேரம். அதை 2 வயதுப் பிள்ளையோடு உட்கார்ந்து கழிப்பது யாருக்கும் விடுமுறை ஆகாது.

பாரிஸில் 5 இரவு, பிறகு ஒரே ஒரு ஊர் போதும். கடல் வேண்டுமென்றால் சேன் மாலோ. அங்கிருந்து மோன் சேன் மிஷெலைக் காலையில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். ஏரியும் மலையும் வேண்டுமென்றால் அன்சி. மோன் சேன் மிஷெல் கடலோரப் பாறைமேல் இருக்கும் மடாலய ஊர்; வண்டி நிறுத்துமிடம் அந்தப் பாறையிலிருந்து சுமார் 2.5 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கிருந்து இலவச பஸ் ஓடும். உள்ளே கல் பாவிய குறுகிய தெருவும், மேலே மடாலயம் வரை நூற்றுக்கணக்கான படிகளும். தள்ளுவண்டியை எடுத்துப் போனால் அதையும் நீங்கள்தான் தூக்க வேண்டும். நெஞ்சிலோ முதுகிலோ கட்டிக்கொள்ளும் பை போதும்.

மே மாதத்துக்கென்று ஓர் எச்சரிக்கை. 1ம் 8ம் அரசு விடுமுறை. ஏசு விண்ணேற்ற வியாழன் பெரும்பாலும் மே மாதத்தில்தான் வரும். அந்த வெள்ளியையும் சேர்த்து நாலு நாளாக்கிக்கொண்டு ஊரே கிளம்பிவிடும். அந்த வாரத்து ரயிலைக் கடைசி நேரத்தில் எடுத்தால் விலை கண்ணைக் கட்டும். ரயிலில் 4 வயதுக்குட்பட்டவர்கள் மடியில் உட்கார்ந்தால் இலவசம். தனி இருக்கைக்கு 9 யூரோ. நீண்ட பயணத்துக்கு அந்த 9 யூரோவைப் பார்க்காதீர்கள். கதவு புறப்படும் நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே மூடிவிடும். நம் ஊர் மாதிரி ஓடிப் பிடிக்க முடியாது.

மதுரை: விசாவுக்குப் பிள்ளைகளுக்கும் தனி விண்ணப்பமா?

ஆம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி பாஸ்போர்ட், தனி விண்ணப்பம். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, 6 வயதுக்குக் கீழ் இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கைரேகை எடுப்பதில்லை. மருத்துவக் காப்பீடு தலைக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்; பாஸ்போர்ட் திரும்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் மார்ச்சுக்குள் நேரம் வாங்கிவிடுங்கள்.

சிக்கல் வருவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, தங்கும் பதிவில் நடுவில் ஓர் இரவு விடுபட்டிருக்கும். இரண்டு, தாயோ தகப்பனோ ஒருவர் மட்டும் பிள்ளையோடு போகும்போது மற்றவரின் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் இருக்காது.

பெங்களூரு: பாரிஸ் மெட்ரோவில் தள்ளுவண்டி ஏற்ற முடியுமா?

ஏற்றலாம், ஆனால் படி ஏறி இறங்கத் தயாராக இருங்கள். எல்லா நிலையத்திலும் லிஃப்ட் உள்ள மெட்ரோ தடம் 14 மட்டும்தான். அது 2024லிருந்து ஓர்லி விமான நிலையம் வரை போகிறது, பிள்ளைகளோடு வருகிறவர்களுக்குப் பெரிய வசதி. மற்ற தடங்களில், பல நிலையங்களில் படிக்கட்டைத் தவிர வழியில்லை. நுழைவாயிலின் சுழல்கம்பித் தடுப்புக்குள் வண்டியைத் திணிக்காதீர்கள்; பக்கத்தில் அகலக் கதவு இருக்கும், பொத்தானை அழுத்திக் கேட்டால் திறப்பார்கள்.

பிள்ளைகளோடு பாரிஸில் பஸ்தான் ராஜா. தாழ்தளப் பஸ், நடுவில் வண்டி நிறுத்த இடம், சன்னலோரம் வேடிக்கை. காலை 8 முதல் 9:30 வரை, மாலை 5 முதல் 7 வரை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

பயணச்சீட்டில் பலர் மாட்டிக்கொள்வது இப்படி. 2025 ஜனவரியிலிருந்து மெட்ரோவுக்கு ஒரு சீட்டு, பஸ்ஸுக்கும் ட்ராமுக்கும் வேறொரு சீட்டு. மெட்ரோவில் இறங்கி அதே சீட்டில் பஸ் ஏற முடியாது. நவிகோ ஈஸி என்ற 2 யூரோ அட்டையில் சீட்டுகளை ஏற்றிக்கொள்ளலாம், ஆனால் ஓர் அட்டையைத் தேய்த்து நாலு பேர் உள்ளே போகக் கூடாது. ஆளுக்கொன்று வேண்டும். 4 வயதுக்குக் கீழ் இலவசம், 4 முதல் 9 வரை பாதிக் கட்டணம். அந்த வயதுப் பிள்ளைக்கும் தனி அட்டை எடுங்கள். சோதனைக்காரர் வந்தால் "தெரியாது" என்பது எடுபடாது.

கும்பகோணம்: நாங்கள் சைவம். இரண்டு பிள்ளைகளும் சோறு, தயிர் தவிர எதையும் தொடமாட்டார்கள். என்ன செய்வது?

முதலில் நேரம். உணவகங்களில் மதியச் சமையல் 12 முதல் 2 வரை, இரவுச் சமையல் 7, 7:30க்குத்தான் தொடங்கும். பிள்ளைகளுக்குப் பசிக்கும் 3 மணிக்கும் 6 மணிக்கும் அடுப்பே எரியாது. வாசலில் "செர்வீஸ் கோன்தின்யூ" என்று எழுதியிருந்தால் மட்டும் நடுநேரத்திலும் கிடைக்கும். அதனால் பெரிய சாப்பாட்டைப் பகல் 12 மணிக்கு வெளியிலும், இரவுச் சாப்பாட்டை அறையிலும் வைத்துக்கொள்ளுங்கள். சமையலறை உள்ள அடுக்ககம் எடுத்தால் ஹோட்டலைவிட இடமும் கூடக் கிடைக்கும். பாரிஸ் ஹோட்டல் அறைகளில் நாலு பேர் நிற்கக்கூட இடம் போதாது.

சூப்பர்மார்க்கெட்டில் பாஸ்மதி எங்கும் கிடைக்கும். தயிருக்கு "யாஊர்த் நாத்யூர்" வாங்குங்கள், சர்க்கரை சேர்க்காதது. "ப்ராஸே" என்று போட்டிருந்தால் கடைந்த பதம். தயிர் சாதத்துக்கு அதுதான் தோது. பாரிஸில் இருந்தால் கார் து நோர் ஸ்டேஷனுக்குப் பின்னால் உள்ள லா ஷப்பெல் பகுதிக்குப் போங்கள். ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கறிவேப்பிலை முதல் இடியாப்ப மா வரை கிடைக்கும்.

வெளியில் சாப்பிட க்ரெப்பரிதான், அதாவது க்ரெப் என்ற மெல்லிய தோசை வார்க்கும் கடைதான், சைவப் பிள்ளைகளுக்கு நல்லது. கலெத் என்பது மரக்கோதுமை மாவில் வார்ப்பது, நம் ரவா தோசைக்குத் தூரத்துச் சொந்தம். "கோம்ப்ளெத்" என்று கேட்டால் பன்றித் தொடைக்கறி வைத்துத் தருவார்கள். "ஃப்ரொமாஜ், ஸான் ஜாம்போன்" என்று சொல்லுங்கள்: சீஸ் போதும், கறி வேண்டாம். கீஷ் (முட்டை ஊற்றிச் சுட்ட உப்புப் பை), சூப், சாலட் மூன்றிலும் லார்தோன் என்ற பன்றிக்கறித் துண்டு ஒளிந்திருக்கும். மேலே தெரியாது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். தண்ணீருக்கு "கராஃப் தோ" என்றால் குழாய்த் தண்ணீரைக் குவளையில் இலவசமாகத் தருவார்கள். ரொட்டியும் இலவசம்.

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கும் சேர்த்து ஒன்று: பிள்ளைகள் சாப்பாட்டில் வரும் கொத்துக்கறி வில்லை, நடுவில் சிவப்பாகவே வரலாம். சின்னப் பிள்ளைகளுக்கு அது ஆகாது. "பியென் க்யூயி" என்று சொல்லி நன்றாக வேகவைத்து வாங்குங்கள். அதேபோல் 5 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பச்சைப்பால் சீஸ் வேண்டாமென்பது பிரான்ஸ் சுகாதாரத் துறையின் அறிவுரை. உறையில் "லே க்ரூ" என்று இருக்கும். கோந்த்தே போன்ற கெட்டிச் சீஸ்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

டொராண்டோ: அக்கா, ஜூலையில தோர்தோன் பக்கம் வீடெடுத்து ஒரு கிழமை நிக்கப் போறம். நீச்சல் குளம் இருக்குது. பிள்ளையளுக்கு 4ம் 7ம். கார் சீற்றை இங்கயிருந்து கொண்டு வரலாமோ?

கொண்டுவராதேங்கோ. கனடா இருக்கையில் ஐரோப்பிய அங்கீகார முத்திரை இருக்காது. பிரான்ஸில் அது சட்டப்படி செல்லாது. 10 வயது வரை பிள்ளை இருக்கை கட்டாயம், பின்னிருக்கையில்தான். வாடகைக் காரோடு சேர்த்துப் பதிவு செய்யும்போது வயதை மட்டும் எழுதாமல் பிள்ளையின் எடை, உயரம் இரண்டையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் 4 வயதுப் பிள்ளைக்கு வெறும் உயர்த்தும் பலகையைக் கொடுத்துவிடுவார்கள். சாவியை வாங்குமுன் இருக்கையைப் பொருத்திப் பாருங்கள்.

விடுமுறை வீடுகள் ஜூலை, ஆகஸ்டில் சனி முதல் சனி வரைதான் விடுவார்கள். அதனால் அந்தச் சனிக்கிழமைகளில் நெடுஞ்சாலை நகராது. பிஸோன் ஃப்யூத்தே என்ற அரசுச் சேவை நாள்களைப் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று முன்கூட்டியே அறிவிக்கும். கறுப்பு நாளென்றால் விடியுமுன் கிளம்புங்கள், அல்லது வெள்ளியே பாதி தூரம் போய் இரவு தங்குங்கள். சாவி மாலை 4க்கு மேல்தான் கிடைக்கும். ஊர்ப்புறச் சூப்பர்மார்க்கெட்டுகள் இரவு 7:30, 8க்கு மூடி, ஞாயிறு மதியத்துக்கு மேல் திறக்காது. ஆகவே வழியிலேயே பால், அரிசி, ரொட்டி, டயப்பர் வாங்கிவிடுங்கள். படுக்கை விரிப்பும் துவாலையும் பல வீடுகளில் வாடகையில் சேராது. ஏசி இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் பகலில் வெளிப்பலகைச் சன்னல்களை மூடிவைத்து இரவில் திறப்பதுதான் அந்த ஊர் வழக்கம். அது நன்றாகவே வேலை செய்யும்.

குளம்தான் முக்கியம். 2003ல் வந்த சட்டப்படி, நிலத்தில் தோண்டிய தனியார் குளத்துக்கு நாலில் ஒரு பாதுகாப்பு இருக்க வேண்டும்: வேலி, மூடி, கூரை அல்லது எச்சரிக்கை மணி. சட்டத்துக்கு மணி போதும். 4 வயதுப் பிள்ளைக்குப் போதாது, ஏனென்றால் பிள்ளை தண்ணீரில் விழுந்த பிறகுதான் அது அடிக்கும். வேலி உள்ள வீட்டையே தேடுங்கள். வேலிக்கதவு தானாகப் பூட்டிக்கொள்கிறதா, பக்கத்தில் ஏறி நிற்க நாற்காலி கிடக்கிறதா என்று போன உடனே பாருங்கள்.

ஊர்ப் பொதுக்குளத்துக்குப் போனால் ஆண்பிள்ளைகளின் தொளதொள அரைக்காற்சட்டைக்கு அனுமதியில்லை, இறுக்கமான நீச்சலுடைதான். பல இடங்களில் தலையுறையும் கேட்பார்கள்.

லண்டன்: பிள்ளைகளுக்கு 5ம் 3ம். அட்லாண்டிக் கரையா, மத்தியதரைக் கடலா?

3 வயதுக்கு, அட்லாண்டிக் பக்கம் அலையடிக்கும் லாந்த் கரையைச் சொல்லமாட்டேன். அங்கே பாஈன் என்ற ஆபத்து உண்டு. மணல் திட்டுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் தேங்கிக் குழந்தைகள் குளம் போல அமைதியாகத் தெரியும். அலை இல்லாத இடமென்று அங்கேயே இறக்குவார்கள். கடல் ஏறி இறங்கும்போது அந்தத் தண்ணீர் ஒரு வாய்க்கால் வழியாக வெளியே பாயும், பெரியவர்களையே இழுத்துப் போகும். சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு இடையில், காவலர் இருக்கும் நேரத்தில் மட்டும் இறங்குங்கள்.

அதே பக்கத்தில் ஆர்க்காஷோன் விரிகுடாவின் உள்கரை அமைதியானது. பிலா மணற்குன்றும் பக்கத்தில்தான், சுமார் 100 மீட்டர் உயரம். மதியம் மணல் சுடும், செருப்பில்லாமல் ஏற்றாதீர்கள். மத்தியதரைக் கடலில் ஏற்ற இறக்கம் பெயருக்குத்தான், தண்ணீரும் வெதுவெதுப்பு. ஆனால் நீஸில் மணலே இல்லை, கூழாங்கல்தான். வாளியும் மண்வெட்டியுமாக வரும் பிள்ளை ஏமாந்துவிடும். ஆன்தீப் பக்கம் மணல் உண்டு.

சிங்கப்பூர்: அங்கே போய்க் காய்ச்சல் வந்தால்?

பச்சைச் சிலுவை எரியும் மருந்துக்கடைக்குப் போங்கள். மருந்தாளரிடம் நிறையக் கேட்கலாம். ஞாயிறு எந்தக் கடை முறை என்று மூடிய கடையின் கதவில் ஒட்டியிருக்கும். பாராசிட்டமால் சிரப் பெரும்பாலும் தோலிப்ரான் என்ற பெயரில் கிடைக்கும்.

அதிலுள்ள அளவுக்குழாயைக் கவனியுங்கள். அதில் கோடுகள் மில்லிலிட்டர் அல்ல, பிள்ளையின் எடைக் கிலோ. 12 கிலோ பிள்ளைக்கு 12 கோடு வரை இழுத்தால் 180 மில்லிகிராம், அதாவது கிலோவுக்கு 15. அந்த மருந்தில் அது 7.5 மில்லிலிட்டர். சாதாரண சிரிஞ்சை எடுத்து 12 மில்லி கொடுத்தால் மருந்து ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடும். அந்தக் குழாயால் ஊரிலிருந்து கொண்டுபோன, 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பை எடுத்தால் இரண்டு மடங்கு. ஆறு மணி நேர இடைவெளி, நாளுக்கு நாலு தடவைக்கு மேல் வேண்டாம். 3 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சலென்றால் மருந்து தேடாமல் நேரே மருத்துவமனை.

அவசர மருத்துவத்துக்கு 15, எந்த அவசரத்துக்கும் 112. மருத்துவரிடம் போனால் ரசீதுத்தாளை, "ஃபய் த ஸ்வான்" என்று கேட்டு, வாங்கிவைத்தால்தான் காப்பீட்டில் பணம் திரும்பும்.

கோவை: லூவ்ர், ஐஃபெல் கோபுரம் இரண்டும் பார்க்காமல் வந்தால் வீட்டில் சண்டை வரும். சுருக்கமாகச் சொல்லுங்கள்.

லூவ்ர் செவ்வாய் விடுமுறை, ஓர்ஸே அருங்காட்சியகம் திங்கள் விடுமுறை. 18 வயதுக்குக் கீழ் இரண்டும் இலவசம். லூவ்ரில் 2026 ஜனவரி முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வரும் பெரியவர்களுக்கு 32 யூரோ. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பிள்ளைகள் தாங்கமாட்டார்கள். எகிப்துப் பகுதியை மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். மோனா லிசா கூட்டத்தில் அவர்களுக்குத் தெரியப்போவது முன்னால் நிற்பவரின் இடுப்புப்பட்டைதான்.

ஐஃபெல் லிஃப்ட் சீட்டு 60 நாள் முன்பு இணையத்தில் திறக்கும். தள்ளுவண்டி மடக்குவதாக இருக்க வேண்டும். இரவு விளக்கு மின்னுவதைக் காட்ட நினைத்தால், ஜூனில் இருட்டவே 10 மணிக்கு மேல் ஆகும்.

பிள்ளைகளுக்கு உண்மையில் பிடிப்பது லுக்ஸம்பூர் தோட்டத்துக் குளத்தில் குச்சியால் தள்ளிவிடும் வாடகைப் பொம்மைப் பாய்க்கப்பலும், லா வில்லெத்தில் உள்ள அறிவியல் நகரின் சிறுவர் பகுதியும்தான். சிறுவர் பகுதியில் வயதுவாரியாகப் பிரிவு உண்டு, 90 நிமிடக் காட்சிகள், முன்பதிவு தேவை, திங்கள் மூடல். புதன் மதியம் பள்ளி இருக்காது, உள்ளூர்ப் பிள்ளைகள் எல்லோரும் அங்கேதான். வேறு நாள் பாருங்கள்.

ஈரோடு: கழிப்பறை?

பாரிஸ் தெருக்களில் சாம்பல் நிறத் தானியங்கிக் கூண்டுகள், இலவசம். ஒருவர் வெளியே வந்ததும் உள்ளே ஓடாதீர்கள். கதவு மூடித் தரை முழுக்கத் தானாகக் கழுவிக்கொள்ளும். பச்சை விளக்கு வந்த பிறகு பொத்தானை அழுத்தி, பிள்ளையோடு நீங்களும் சேர்ந்தே போங்கள். 20 நிமிடத்துக்கு மேல் இருந்தால் கதவு திறந்துகொள்ளும். உணவகம், அருங்காட்சியகம் எங்கே போனாலும் கிளம்புமுன் ஒருமுறை கூட்டிப் போய்விடுங்கள். பூங்காக்களில் டயப்பர் மாற்றும் மேசை கிடைப்பது அரிது, மடக்கு விரிப்பு ஒன்று பையில் இருக்கட்டும்.