உடல் உறுப்பு, செல் வடிவங்களைப் பீங்கானில் செய்ய மருத்துவம் படித்திருக்க வேண்டுமா?

வேண்டாம். நான் டாக்டர் இல்லை, 11 வருடம் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியனாக இருந்தவன். உடற்கூறு தெரியாதே என்று நீங்கள் தயங்குவது புரிகிறது. என் கதை அப்படியே தலைகீழ், செல் தெரியும், மண் தெரியாது.

முதலில் எடுத்தது சிவப்பணு. நிஜத்தில் 7, 8 மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) அகலம், நான் ஆசைப்பட்டது 30 சென்டிமீட்டர், அதாவது சுமார் 40,000 மடங்கு. இரண்டு பக்கமும் நடுவில் குழிந்த வட்டுதானே என்று உள்ளே வெற்றிடம் விடாமல் முழு மண்ணாகவே பிடித்துவிட்டேன். மெல்லிய நடுப்பகுதி சீக்கிரம் காய்ந்து சுருங்கிவிட்டது, தடித்த விளிம்பில் ஈரம் அப்படியே நின்றது. மூன்றாம் நாள் குழியைச் சுற்றி வட்டமாக ஒரு விரிசல். அடுத்ததும் அதே கதி. இன்னொன்று உள் ஈரத்தோடு சூளைக்குப் போய் வெடித்தது. அப்புறம்தான் மண்ணைச் சுருள் சுருளாக அடுக்கி, உள்ளே கூடாக, சுவர் எங்கும் ஒரே கனமாகக் கட்டி, அடியில் ஒரு ஊசித் துளை விட்டு, பாலிதீன் மூடி 2 வாரம் காயவைத்தேன். நின்றது.

அடுத்தது அம்மாவுடைய செல். அவருக்கு இரும்புச்சத்துக் குறைவு, ஸ்லைடைப் பார்த்ததே நான்தான். நல்ல செல்லில் நடுவில் வெளிறிய பகுதி அகலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும், அம்மாவுடையதில் ஓரத்தில் ஒரு மெல்லிய சிவப்பு வளையம்தான் மிச்சம். ரத்தத்துக்கு நிறம் தரும் இரும்புதான் பீங்கான்மேல் பூசும் என் கிளேஸுக்கும் (கண்ணாடிப் பூச்சு) செம்பழுப்பைத் தருகிறது, அதனால் இதில் இரும்பு ஆக்சைடைக் குறைத்துவிட்டேன். அம்மா விரலால் தடவிப் பார்த்து, "இவ்வளவு வெளுப்பாவா இருந்துச்சு?" என்றார். எங்களுக்கெல்லாம் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டவர்.

"இது பாடசாலை மாடல், கலை இல்லை" என்று யாராவது கீழே வந்து எழுதலாம். கிரேக்கத்தில் கொரிந்து நகரத்தில், நோய் தீர்க்கும் தெய்வமான அஸ்கிளேப்பியஸ் கோயிலில் 2,300 வருடங்களுக்கு முன்பே சுடுமண் கை, கால், காதுகளைக் காணிக்கை வைத்தார்கள். எங்கள் சேலத்தில் மாரியம்மனுக்கு உருவாரம் (நேர்ந்துகொண்டு வைக்கும் மண் உருவம்) வைப்பதும் அதேதான். அதையெல்லாம் மாடல் என்பார்களா?

ஒன்றை இங்கே சொல்லியே ஆக வேண்டும். லேப் ரிப்போர்ட்டில் டாக்டர் கையெழுத்து இருக்கும், ராத்திரி 2 மணிக்குக் கண் எரிய செல் எண்ணியவன் பெயர் இருக்காது. 11 வருடத்தில் ஒரு நோயாளிகூட என்னைத் தேடி வந்ததில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் வலிக்கிறது.

சரி, மண் வாங்கும்போது சுருக்கம் எத்தனை சதவீதம் என்று கேட்டு வாங்குங்கள். என் மண்ணுக்கு 12. சுட்ட பிறகு 30 சென்டிமீட்டர் வேண்டுமென்றால் 34-இல் கட்ட வேண்டும்.