அப்பா எதற்குப் போனார்?

கேள்வி: திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது ஹைதராபாத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில், க்யூ.சி. (தரக் கட்டுப்பாடு) லேபில் வேலை. அமெரிக்காவில் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கிறேன். மூன்று பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும். டிசம்பர் 15 கடைசி நாள். இரண்டு பேர் சம்மதித்துவிட்டார்கள். ப்ராஜெக்ட் கைடு மட்டும் பிடி கொடுக்கவில்லை. மெயில் போட்டேன், பதில் இல்லை. எனக்கு லீவு கிடைக்காததால் அப்பாவே இரண்டு தடவை நேரில் போனார். முதல் தடவை சார் ஊரில் இல்லை. அடுத்த தடவை "பையனைப் பேசச் சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார். டிபார்ட்மென்ட் இருப்பது இரண்டாவது மாடி; அப்பாவுக்கு முட்டிவலி வேறு. ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு பிகு தேவையா? இங்கே ஒரு கன்சல்டன்சியில், கடிதத்தை அவர்களே தயார் செய்து அனுப்பிவிடுவதாகச் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும், அக்கா?

- பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, ஆயுத பூஜை முடிந்ததும் இந்த மாதிரிக் கடிதங்கள் வர ஆரம்பித்துவிடும். சார் போனை எடுக்க மாட்டேன் என்கிறார், மேடம் இழுத்தடிக்கிறார், எச்.ஓ.டி. முகம் கொடுத்துப் பேசவில்லை. பெரும்பாலும் நான் மாணவர் பக்கம்தான் நிற்பேன். உன் விஷயத்தில் முடியவில்லை.

உன் சார் பிகு பண்ணவில்லை. பதில் சொல்லிவிட்டார். "பையனைப் பேசச் சொல்லுங்க." இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் எப்படிச் சொல்வார்? அப்பா அதை உன்னிடம் சொன்ன பிறகு நீ பேசினாயா? பேசியிருந்தால் எழுதியிருப்பாய். எனக்கு இவ்வளவு நீளமாக எழுத உனக்கு நேரம் கிடைத்திருக்கிறது, அவருக்கு ஒரு போன் போடக் கிடைக்கவில்லை.

அப்புறம் அந்த முட்டிவலி. அதை எதற்கு எழுதினாய்? சார் கல்நெஞ்சக்காரர் என்று நான் நினைப்பதற்காக. அந்தப் படிகளில் அப்பாவை ஏற்றியது யார்? சார் வரச்சொன்னாரா? முதல் தடவை, அவர் ஊரில் இருக்கிறாரா இல்லையா என்றுகூட விசாரிக்காமல் அனுப்பியிருக்கிறாய். ஆபீசுக்கு ஒரு போன் செய்திருந்தால் அந்த நடை மிச்சம். இரண்டாம் தடவை அப்பா அந்த அறைக்குள் என்ன பேசியிருப்பார் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா? "சார், பையன் ஃபாரின் போறான், நீங்கதான் மனசு வைக்கணும்." அதற்கு மேல் அவருக்கு என்ன தெரியும்? எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பிரிவு, ப்ராஜெக்டில் என்ன செய்தான் என்று சார் திருப்பிக் கேட்டிருந்தால் விழித்துக்கொண்டு நின்றிருப்பார். அந்தச் சங்கடத்தைக் கொடுக்காமல் நாகரிகமாகத்தான் அனுப்பியிருக்கிறார் உன் சார்.

நான் பழைய காலத்து ஆள், சொல்லிவிடுகிறேன். ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட, கல்லூரியில் சேர்க்க, ஃபீஸ் கட்ட என்று அலைவதெல்லாம் பெற்றவர் கடமை. உன் அப்பா அதையெல்லாம் செய்துதான் நீ எம்.எஸ்ஸி. முடித்தாய். சம்பாதிக்க ஆரம்பித்த மகனுக்காக அவர் இன்னொருவர் முன்னால் கைகட்டி நிற்கக் கூடாது. அப்படி நிற்க வைப்பவன் எவ்வளவு பெரிய படிப்புப் படிக்கப் போனாலும் எனக்கு மரியாதை வராது.

"ஒரு கையெழுத்து" என்று எழுதியிருக்கிறாயே, சிக்கலே அங்கேதான். டி.சி., கான்டக்ட் சர்டிபிகேட் எல்லாம் கவுன்டரில் வாங்குவது. வீட்டு ஆள் யாராவது போனால்கூட சில இடங்களில் கொடுத்துவிடுவார்கள். இது அப்படி இல்லை. விண்ணப்பத்தில் நீ சாரின் மெயில் முகவரியைக் கொடுத்ததும் பல்கலைக்கழகத்திலிருந்து அவருக்கே நேராக ஒரு லிங்க் போகும். இவனை எத்தனை வருடமாகத் தெரியும், உங்களிடம் படித்தவர்களில் முதல் 5 சதவீதத்தில் வருவானா, 10 சதவீதத்தில் வருவானா என்றெல்லாம் பல இடங்களில் கேட்பார்கள். அப்புறம் கடிதம். அங்கே வேதியியலில் பிஎச்.டி. என்றால் பெரும்பாலும் ஃபீஸை விலக்கி, மாதாமாதம் உதவித்தொகையும் கொடுத்து, சுமார் 5 வருடம் உன்னை வைத்துப் பார்க்க வேண்டும். அதனால் தேர்வுக் குழு தேடுவது மார்க்கை மட்டும் இல்லை. வேதிவினை சரியாக வராத வாரங்களில் இந்தப் பையன் என்ன செய்தான், லேப் நோட்டை ஒழுங்காக எழுதினானா, தப்பை மறைத்தானா, வந்து சொன்னானா. வகுப்பில் மட்டும் பார்த்தவருக்கு அது தெரியாது, கைடுக்குத்தான் தெரியும். உனக்குப் பிறகு இரண்டு பேட்ச் போய்விட்டது. நீ போய் நினைவுபடுத்தாவிட்டால் "கடின உழைப்பாளி, நேரந்தவறாதவர்" என்று நாலு வரி எழுதுவார். அந்த நாலு வரியால் உனக்குக் காலணா பிரயோஜனம் கிடையாது.

மெயிலுக்குப் பதில் போடாதது அவர் பக்கத்துத் தவறுதான். பரிந்துரை எழுதுவது வாத்தியார் வேலையில் ஒரு பகுதி, தர்மம் ஒன்றும் இல்லை. காலில் விழு என்று நான் சொல்லவில்லை. ஆனால் நவம்பர் மாதம் கல்லூரியில் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும்: பிராக்டிகல் தேர்வு, வேறு கல்லூரிக்கு எக்ஸ்டர்னலாகப் போவது, பின்னாலேயே பேப்பர் திருத்தம். "கைண்ட்லி கிவ் எல்.ஓ.ஆர். சார்" என்று போனில் தட்டிய ஒற்றை வரி மெயிலாக இருந்தால் அது எங்கே போய்ப் புதைந்ததோ.

லீவு கிடைக்கவில்லையா? நாளைக்கு விசா இன்டர்வியூ வந்தால் கிடைக்குமா, கிடைக்காதா? ஒரு நாள் லீவு போட்டுப் போ. நிஜமாகவே முடியாதென்றால், சாயங்காலம் வகுப்பு முடிந்த பிறகு போன் செய்து, எப்போது பேசலாம் என்று கேள். முதலில் அப்பாவை அனுப்பியதற்கு வருத்தம் சொல். பிறகு நேராகக் கேள்: "என்னைப் பற்றி நல்லபடியாக எழுத உங்களிடம் விஷயம் இருக்கிறதா சார்? இல்லையென்றால் சொல்லிவிடுங்கள், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்." அவர் தயங்கினால் வற்புறுத்தாதே. மனமில்லாமல் எழுதிய கடிதம் இல்லாத கடிதத்தைவிட மோசம். உன் வேலையை நேரில் பார்த்த வேறு ஆசிரியர் இருப்பார். இல்லாவிட்டால் இப்போதைய லேபில் உன் மேனேஜரைக் கேட்கலாம்.

சரி என்றால் அன்றே மார்க் ஷீட், ப்ராஜெக்ட் அறிக்கையின் சுருக்கம், நீ எழுதிய எஸ்.ஓ.பி. (எதற்காகப் படிக்க வருகிறாய் என்று சொல்லும் கட்டுரை), விண்ணப்பிக்கும் இடங்களும் கடைசித் தேதிகளும் எல்லாவற்றையும் ஒரே மெயிலில் அனுப்பு. "நீயே எழுதிக் கொண்டு வாப்பா, கையெழுத்துப் போடுறேன்" என்பார்; நம் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். அதற்கு ஒத்துக்கொள்ளாதே. அவரிடம் செய்த வேலையை ஒரு பக்கத்துக்குக் குறிப்பாக எழுதிக் கொடு. எந்தச் சேர்மத்தைத் தயாரித்தாய், எது சொதப்பியது, எப்படிச் சரிசெய்தாய் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். வாக்கியம் அவருடையதாக இருக்கட்டும். ஒரே கை எழுதிய மூன்று கடிதங்களைப் படித்தவுடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கன்சல்டன்சிக்காரர் சொல்வது என்ன தெரியுமா? சார் பெயரில் ஒரு ஜிமெயில் திறந்து, சார் எழுதியதுபோல அனுப்புவது. அது மோசடி. சேர்ந்த பிறகு வெளியே வந்தாலும் சீட் போகும். அதைப் பற்றி என்னிடம் யோசனை கேட்டதே தப்பு.

விண்ணப்பத்தில் இன்னொரு கேள்வி வரும்: கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறாயா என்று. 1974-ல் வந்த ஃபெர்ப்பா என்ற அமெரிக்கச் சட்டம், சேர்ந்த மாணவருக்கு அந்த உரிமையைக் கொடுக்கிறது. விட்டுக்கொடுக்கிறேன் என்றே குறி. மாணவன் பார்க்கப்போகும் கடிதத்தில் யார் மனம்விட்டு எழுதுவார்கள்?

இன்றைக்கே அப்பாவுக்குப் போன் போட்டு, இனிமேல் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல். மறுபடியும் போய்ப் பார்க்கட்டுமா என்று அவர் கேட்பார். வேண்டாம் என்று நீதான் சொல்ல வேண்டும்.

லிங்க் அனுப்பும்போது சாரின் கல்லூரி மெயில் முகவரியைக் கொடு. ஸ்பேமிலும் பார்க்கச் சொல். டிசம்பர் 8 வாக்கில் ஒரு நினைவூட்டல் போதும். இடம் கிடைத்தால் ஏப்ரல் 15-க்குள் நீ முடிவு சொல்ல வேண்டியிருக்கும். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கடிதம் கொடுத்த மூன்று பேரிடமும் அந்த வாரமே சொல்லிவிடு. அல்வா வாங்கிப் போவதென்றால் அப்போது போ, இப்போது வேண்டாம்.