ஐடியல் என்ற சொல்லில் இலட்சியம் இல்லை

வணக்கம் ஐயா. கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். முதுகலைக் கணிதத்தில் வளையங்களை (கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் இயலும் தொகுதிகளை) படிக்கும்போது ‘ஐடியல்’ என்ற சொல் வருகிறது. வரையறை மனப்பாடமாகத் தெரியும், பெயர்தான் விளங்கவில்லை. குறிப்பேட்டில் ‘இலட்சியம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ஓர் எண் கூட்டத்துக்கு என்ன இலட்சியம் இருக்க முடியும்?

ஒரு வாசகி

அன்புள்ள மாணவிக்கு,

‘இலட்சியம்’ என்பதை அடித்துவிடுங்கள். ‘கருத்தளவில் மட்டும் உள்ளது’ என்பதே இங்கே பொருள்.

முழு எண்களில் பகாக் காரணிகளாகப் பிரிக்க ஒரே வழிதான் உண்டு. ஆனால் அ, ஆ முழு எண்களாக உள்ள அ + ஆ√−5 என்ற எண்களின் வளையத்தில், 6 என்பது 2 × 3 ஆகவும் (1 + √−5)(1 − √−5) ஆகவும் பிரிகிறது. இந்த நான்கும் அங்கே மேலும் உடையாதவை. வேறொரு வகை எண்களில் இதே சிக்கலை 1840களில் எதிர்கொண்ட ஜெர்மன் கணிதவியலாளர் எர்ன்ஸ்ட் கும்மர், உடையாதவை போலத் தோன்றும் எண்களுக்குள்ளும் தனியே கிடைக்காத காரணிகள் இருப்பதாகக் கொண்டால் அந்த ஒரே வழி மீண்டும் கிடைக்கும் என்று கண்டு, அவற்றை ‘ஐடியல் எண்கள்’ என்றார்; அதுவரை எவரும் பிரித்தெடுத்திராத ஃபுளோரினை அவற்றுக்கு உவமையாகவும் சொன்னார். பிரெஞ்சு வேதியியலாளர் மொய்சான் அதைப் பிரித்தெடுத்தது 1886இல்தான். கிணற்று நீரின் ஃபுளோரைடைப் பல்லில் படியும் கறையால் அறிந்த நம் பாலக்காட்டுக் கிழக்குப் பகுதியினருக்கு, தனியே காணாத ஒன்றை அதன் செயலால் அறிவது புதிதல்ல.

1871இல் ஜெர்மன் கணிதவியலாளர் டெடிகிண்ட் எடுத்து வைத்த அடியை நான் பெரிதும் மதிக்கிறேன். கையில் கிடைக்காத காரணியை, அது வகுக்கும் எண்கள் அனைத்தின் கூட்டமாகவே அவர் கொண்டார்; அந்தக் கூட்டமே ‘ஐடியல்’. நீங்கள் மனப்பாடம் செய்த இரண்டு நிபந்தனைகளும் இங்கிருந்தே வருகின்றன: ஒரு காரணி இரண்டு எண்களை வகுத்தால் அவற்றின் வேறுபாட்டையும் வகுக்கும், ஓர் எண்ணை வகுத்தால், வளையத்தின் எந்த உறுப்பால் அதைப் பெருக்கினாலும் அந்தப் பெருக்கலையும் வகுக்கும்.

மேற்சொன்ன வளையத்தில் அ, ஆ இரண்டும் இரட்டையாகவோ இரண்டும் ஒற்றையாகவோ உள்ள எண்களை மட்டும் திரட்டுங்கள். 2, 1 + √−5 இரண்டும் அதில் இருக்கின்றன. அவற்றின் காணாத பொதுக் காரணி இந்தக் கூட்டம்தான். அ + ஆ√−5 என்ற ஏதேனும் ஓர் எண்ணின் மடங்குகளாக இதை எழுத வேண்டுமானால், அந்த எண்ணுக்கு அ² + 5ஆ² = 2 ஆக வேண்டும்; முழு எண்களில் அது நடவாது. ஆயினும் இந்த ஐடியலை அதனாலேயே பெருக்கினால் 2இன் மடங்குகள் மிகாமலும் குறையாமலும் வருகின்றன.

இதன் உறுப்பு ஒன்றை √−5 ஆல் பெருக்கிப் பாருங்கள்: −5ஆ + அ√−5 கிடைக்கும், இரட்டை ஒற்றைப் பொருத்தமும் மாறாது.