சீட்டுக்கட்டு கேள்வி பதில்: மொய்ய ரெண்டு தடவ எழுதாதீங்கண்ணே

கேள்வி (திருமங்கலம் வாசகர்): ரிட்டயர்டு ஆகி மூணு வருஷமா பிரிட்ஜ் (ரெண்டு ரெண்டு பேரா சேந்து ஏலம் கேட்டு ஆடுற சீட்டாட்டம்) ஆடுறேன். போன வாரம் டீம் மேட்ச்ல நாங்க வல்னரபிள், அதாவது ஜெயிச்சா போனஸும் கூட, கவுந்தா அபராதமும் கூட. என் கையில இஸ்பேட் ராஜா 8 5, ஆட்டின் ஆஸ் ராணி 9 7 6, டைமன் ராஜா 4, கிளாவர் ஜாக்கி 10 3. நான் 1 ஆட்டின்னேன், இடது கைப்பக்கம் இருந்தவர் 1 இஸ்பேட், பார்ட்னர் 2 ஆட்டின், வலது பக்கத்துக்காரர் 2 இஸ்பேட். விடுவனா, 3 ஆட்டின்னேன். இடது பக்கத்துக்காரர் 3 இஸ்பேட்னார், பார்ட்னர் பாஸ், அந்தப் பக்கமும் பாஸ், நான் 4 ஆட்டின். டபுள் போட்டு (கவுந்தா அபராதம் ஏறும்னு சவால் விட்டு) மூணு ட்ரிக், அதான் பிடி, கவுத்துட்டாய்ங்க, 800 போச்சு. பார்ட்னர் என் மச்சான்தான், அதுலேருந்து முகம் குடுத்துப் பேசல. ஆஸ், ராஜா, ராணி, ஜாக்கிய எண்ணுனா 13 பாயிண்ட் இருந்துச்சே, என்ன தப்பு பண்ணேன்?

பதில்: 13 பாயிண்ட் இருந்துச்சு, யாரு இல்லேன்னா. ஆனா அத நீங்க மூணு தடவ சொன்னீங்கள்ல, அங்கதான் வெவகாரம். 1 ஆட்டின்னப்பவே எனக்கு ஓப்பன் பண்ற கையும் அஞ்சு ஆட்டினும் இருக்குன்னு சொல்லியாச்சு. அப்புறம் 3 ஆட்டின்ல புதுசா என்ன சொன்னீங்க? ஆறாவது ஆட்டின் இருக்கா, இல்ல. பாயிண்ட் கூட இருக்கா, இல்ல. விசேஷ வீட்டுல மொய் நோட்டுல ஆயிரம்னு எழுதிட்டு வந்து பந்தியில உக்காந்துட்டீங்க, பங்காளி ரெண்டாயிரம் எழுதுனான்னு காதுல விழுந்ததும் எந்திரிச்சுப் போய் அதே ஆயிரத்த இன்னொரு தடவ எழுதுங்கன்னா நோட்டுக்காரர் என்ன நெனப்பாரு? ரோஷத்துக்குக் கேக்குற ஏலம் பூராம் இந்த மாதிரிதான்.

சரி, கணக்குக்கு வாங்க. பார்ட்னர் 2 ஆட்டின்னா அவருகிட்ட 6லேருந்து 9 வரைக்கும், கூட்டிப் பாத்தா மிஞ்சிமிஞ்சிப் போனா 22, கேமுக்கு, அதாவது 4 ஆட்டின் மாதிரி பெரிய போனஸ் தர்ற ஏலத்துக்கு, ஏறக்குறைய 25 வேணும். ஆட்டின் உங்ககிட்ட அஞ்சு, அவருகிட்ட மூணுன்னு வைங்க, மொத்தம் எட்டு. எதிராளியோட மல்லுக்கட்டும்போது நம்ம ரெண்டு பேரு கையிலயும் சேந்து எத்தனை துருப்பு இருக்கோ அத்தனை ட்ரிக் வரைக்கும் ஏறலாம், அதுக்கு மேல வேண்டாம்ங்கறதுதான் ஆட்டக்காரங்க சொல்ற கணக்கு. பிரான்ஸ்காரர் ஜான் ரெனே வெர்ன் கண்டுபிடிச்சது, அமெரிக்காவுல லாரி கோஹன் அத ஊர் பூராம் பரப்புனாரு. எட்டு துருப்புன்னா எட்டு ட்ரிக், அதாவது 2 ஆட்டின் (சொல்ற நம்பரோட ஆறக் கூட்டிக்கணும்). நீங்க பத்து ட்ரிக்குக்குப் போயிட்டீங்க. பார்ட்னருக்கு நாலாவது ஆட்டின் இருந்திருந்தா ஒன்பது ஆயிருக்கும், ஆனா அது அவருக்குத்தான தெரியும், 3 ஆட்டின் சொல்ல வேண்டிய ஆளும் அவருதான். 2 இஸ்பேட்டுக்கு நீங்க பாஸ் சொல்லி வழி விட்டு, சுத்தி வந்தப்ப அவரும் பாஸ்னாருன்னா அந்த நாலாவது சீட்டு பெரும்பாலும் இல்லேன்னு அர்த்தம், மச்சானா இருந்தாலும் அந்த பாஸ நம்பணும்.

இன்னொன்னு, இது பாயிண்ட் எண்றவங்க நெறைய பேரு கோட்டை விடுற எடம். உங்க இஸ்பேட் ராஜாவப் பாருங்க. இஸ்பேட் சொன்னவரு உக்காந்திருக்கறது உங்களுக்கு இடது கைப்பக்கம், அதாவது உங்களுக்கு அடுத்து சீட்டு போடுறவரு, ஆஸ் அவருகிட்ட இருந்தா உங்க ராஜா தலைய நீட்டுன ஒடனே வெட்டு. பேப்பர்ல மூணு பாயிண்ட், டேபிள்ல கிட்டத்தட்ட சுழி. அதே இஸ்பேட்ட வலது கைக்காரரு சொல்லியிருந்தா அந்த ராஜாவே தங்கம். ஆக ஏலம் ஒரு ரவுண்டு ஓடுன பெறகு கையத் திரும்ப எண்ணணும், மொதல்ல எண்ணுனதையே புடிச்சுத் தொங்கக் கூடாது. 3 இஸ்பேட்ட ஆட விட்டிருந்தா, அவங்க அடிச்சாக்கூட 140தான். 800க்கும் 140க்கும் வித்தியாசம் 660, டீம் மேட்ச்ல அது 12 ஐஎம்பி (ஸ்கோர் வித்தியாசத்த மாத்திப் போடுற மேட்ச் பாயிண்ட்). மச்சான் பேசாம இருக்கறதுல நியாயம் இருக்குண்ணே.

கேள்வி (மேலூர் வாசகர்): நான் 1 நோட்ரம்ப் (துருப்பே இல்லாத ஏலம்), அதுக்கு 15-17 பாயிண்ட். பார்ட்னர் 2 நோட்ரம்ப்னு கேமுக்குக் கூப்புடுறாரு, என் கையில சரியா 16. போகவா நிக்கவா? ஒவ்வொரு தடவையும் காசு சுண்டிப் பாக்காத கொறைதான்.

பதில்: 16ல எந்த 16னு பாருங்க. அஞ்சு சீட்டு சூட் ஒண்ணு இருந்து 10, 9னு எடையும் இருந்தா போங்க, நாலு மூணு மூணு மூணுன்னு செத்த கையா இருந்தா நில்லுங்க. அப்பவும் மனசு ஊசலாடுச்சுன்னா வல்னரபிளான்னு பாருங்க. டீம் மேட்ச்ல வல்னரபிள் 3 நோட்ரம்ப் ஒன்பது ட்ரிக் எடுத்தா 600, கீழ நின்னு அதே ஒன்பது எடுத்தா 150, வித்தியாசம் 450, அது 10 ஐஎம்பி. எட்டுலயே நின்னுபோச்சுன்னா மைனஸ் 100, 2லயே நின்னவருக்கு ப்ளஸ் 120, ஆக 6 ஐஎம்பிதான் நட்டம். பத்துக்கு ஆறு, நூறு தடவையில 38 தடவ அடிச்சாலே லாபம்! வல்னரபிள் இல்லேன்னா 6க்கு 5, அதனால 46 தடவையாவது வேணும். பேர்ஸ் (ஜோடி ஜோடியா மோதுற) போட்டியில இந்தக் கணக்கு செல்லாது, அங்க பாதிக்குப் பாதி தேறுமான்னு பாத்தாப் போதும்.

கேள்வி (உசிலம்பட்டி வாசகர்): டீக்கடைக்குப் பின்னாடி 28ங்கற சீட்டாட்டம் ஆடுற ஆளுக நாங்க. பிரிட்ஜ் கத்துக்கலாம்னா ஏலம்தான் மண்டையில ஏற மாட்டேங்குது.

பதில்: ஏறாததுக்குக் காரணமே 28தான். அங்க துருப்பக் கவுத்தி வச்சு ஒளிக்கிறீங்க, இங்க துருப்பச் சொல்லித்தான் ஏலமே கேக்கணும். ஜாக்கி அங்க 3 பாயிண்ட், ராஜா மாதிரி திரியும், இங்க அதுக்கு 1, ஆஸ்க்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, மொத்தக் கட்டுல 40. மொதல் மாசம் ஜாக்கியப் பாத்து ஆசப்படாம இருங்க, மத்தது தன்னால வரும்.

கேள்வி (சிம்மக்கல் வாசகி): சீட்டு எடுத்தாலே மாமியார் சூதாட்டம்ங்கறாங்க. என்ன சொல்றது?

பதில்: ரம்மி தெறமை ஆட்டம்னு 1967லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சும்மா, அந்தத் தீர்ப்புல பிரிட்ஜும் பேச்சுக்கு வருது. 2018 ஜகார்த்தா ஏஷியன் கேம்ஸ்ல பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் பிரிட்ஜ்ல தங்கம் வாங்குனாங்க, பிரணாப்புக்கு அப்ப வயசு 60. காசு வச்சு ஆடுனீங்கன்னா மட்டும் நான் மாமியார் கட்சி.

கேள்வி (அண்ணா நகர் வாசகி): வீட்டுக்காரர்தான் பார்ட்னர். நல்ல கைன்னா டக்குனு சொல்லுவாரு, மோசம்னா "ம்ம்ம்"னு இழுத்துட்டு பாஸ்ம்பாரு. எனக்கு எல்லாம் புரிஞ்சுரும். இது தப்பா?

பதில்: அவரு யோசிக்கிறது தப்பில்ல, அந்த "ம்ம்ம்"ம வச்சு நீங்க முடிவெடுத்தா தப்பு, எதிராளி நடுவரக் கூப்புடலாம், ஸ்கோரையும் மாத்துவாங்க. உங்க ரெண்டு பேருக்குள்ள ஏலத்துக்கு என்ன அர்த்தம்னு எதிராளி கேட்டா மறைக்காம சொல்லணும்ங்கறதுதான் விதி, அப்ப "ம்ம்ம்"முக்கு என்னன்னு சொல்லுவீங்க? பெரிய போட்டியில வாயத் தொறக்காம பெட்டியிலேருந்து ஏலம் எழுதுன அட்டைய எடுத்து வைக்கிறதே இதுக்காகத்தான். வீட்டுக்காரருக்கும் ஒரு பெட்டி வாங்கிக் குடுங்க, ஆனா அட்டைய அவரு எம்புட்டு நேரம் தடவுறாருன்னு பாக்காதீங்க.