பத்திரிகைப் பயிற்சி கேட்கும் முன் ஒரு செய்தி எழுதுங்கள்

கேள்வி: சாத்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கல்லூரிக்குப் போய் வருகிறேன், தமிழ் இலக்கியம், இரண்டாம் ஆண்டு. பத்திரிகையாளர் ஆக வேண்டும் என்பது என் விருப்பம். இதழியல் படிக்காத எனக்குப் பத்திரிகைகளில் பயிற்சி கிடைக்குமா? ஐயாயிரம் ரூபாய் கட்டினால் பயிற்சிச் சான்றிதழும் ‘பிரஸ்’ அடையாள அட்டையும் தருவதாக ஓர் அமைப்பு சொல்கிறது. சேரலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதில் சேர வேண்டாம். பயிற்சிக்கு வரும் மாணவரிடம் ஓர் உண்மையான செய்தி நிறுவனம் பணம் வாங்காது. பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கப்படும் அட்டையை எந்தச் செய்தி ஆசிரியரும் தகுதியாகக் கருத மாட்டார். அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறை வழங்கும் அங்கீகார அட்டைகூட, பணி அனுபவம் உள்ள செய்தியாளர்களுக்கு அவர்களுடைய நிறுவனத்தின் பரிந்துரையின் பேரில் கிடைப்பதுதான். பயிற்சி மாணவருக்கு அது தேவையும் இல்லை.

இதழியல் படிக்காதது ஒரு தடையே அல்ல. தமிழில் இதற்கு நல்ல முன்னுதாரணமாக விகடன் நிறுவனத்தின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் இருக்கிறது. எந்தப் பாடம் படிக்கும் கல்லூரி மாணவரும் விண்ணப்பிக்கலாம் என்பதும், தேர்வானவர்கள் படிப்பை விடாமல் தங்கள் ஊரிலிருந்தே செய்தி எழுதலாம் என்பதும் அதன் சிறப்புகள். இன்று தமிழ் ஊடகங்களில் பொறுப்பில் இருக்கும் பலர் அந்த வழியாக வந்தவர்கள். அறிவிப்பு வெளியாகும்போது தவறவிடாதீர்கள். அடுத்ததாக, பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய ‘பாரி’ எனப்படும் ஊரக இந்திய மக்கள் ஆவணக் காப்பகம் இருக்கிறது. கிராமத்து வாழ்க்கையையும் உழைப்பையும் பதிவு செய்யும் அந்தத் தளம் மாணவர்களின் ஆக்கங்களையும் ஏற்கிறது. கட்டுரைகள் தமிழிலும் வெளியாவதால், இப்போதே வாசிக்கத் தொடங்கிவிடலாம். நாளிதழ்களைப் பொறுத்தவரை, சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு விண்ணப்பம் போடுவதைவிட, மதுரைப் பதிப்பின் செய்தி ஆசிரியரையோ உங்கள் மாவட்ட நிருபரையோ நேரில் சந்தித்துக் கேட்பது பெரும்பாலும் விரைவில் பலன் தரும்.

எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும், பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் எழுதிய செய்தியை ஒருவர் உட்கார்ந்து திருத்தி, எந்த வரியை ஏன் நீக்கினார் என்று உங்களிடம் சொல்வாரா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. புகழ்பெற்ற ஓர் அலுவலகத்தில் ஒரு மாதம் முழுவதும் செய்திக்குறிப்புகளைத் தட்டச்சு செய்துவிட்டு வரும் மாணவரைவிட, சிறிய பதிப்பொன்றில் பத்துச் செய்திகள் எழுதி, பத்தும் சிவப்பு மையோடு திரும்பி வரப் பெற்ற மாணவர் கூடுதலாகக் கற்றிருப்பார். பயணச் செலவு யாருடையது, பிரசுரமானால் பெயர் வருமா, சன்மானம் உண்டா என்பவற்றையும் தயங்காமல் முன்கூட்டியே கேளுங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ‘எனக்கு எழுதுவதில் ஆர்வம் உண்டு’ என்று தொடங்கும் விண்ணப்பங்கள் எல்லா அலுவலகங்களிலும் குவிந்து கிடக்கின்றன. அவற்றோடு ஒரு செய்தியை இணைத்து அனுப்புகிறவர்கள் மிகக் குறைவு. உங்களுக்கோ செய்தி வாசலிலேயே இருக்கிறது. பட்டாசில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்துவதற்கும் சரவெடிக்கும் உச்ச நீதிமன்றம் 2018இல் தடை விதித்தது. அதன் பிறகு உங்கள் ஊரிலிருந்து பட்டாசு ஆலை வேலைக்குப் போகும் பெண்களின் வேலை நாட்களும் கூலியும் மாறியிருக்கின்றனவா? நான்கைந்து பேரிடம் தனித்தனியாகப் பேசுங்கள். ஆலைத் தரப்பையும் தொழிலாளர் துறையையும் கேளுங்கள். பெயர், வயது, தொகை, தேதி அனைத்தையும் குறிப்பேட்டில் எழுதி, இரண்டு முறை சரிபார்த்து, 400 வார்த்தைகளுக்குள் அடக்குங்கள். ஒருவருடைய பெயர் வெளியானால் அவருடைய வேலைக்கு ஆபத்து வரும் என்று தோன்றினால், அதை ஆசிரியரிடம் மட்டும் தெரிவித்துவிட்டுச் செய்தியில் தவிர்த்துவிடலாம்.

செய்தி தேடிப் பழக அட்டை எதுவும் வேண்டியதில்லை. திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வருபவர்களிடம் பேசினாலே, மாவட்டத்தில் எங்கே தண்ணீர் இல்லை, எங்கே பட்டா சிக்கல் என்பது தெரிந்துவிடும். உங்கள் ஊர்க் கிராம சபைக் கூட்டத்தில் பேசப்படுவதையும் தீர்மானங்களையும் குறித்து வையுங்கள். அரசு ஆவணம் தேவைப்பட்டால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்துடன் மனுச் செய்யலாம். பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி.

சட்டம் பற்றி ஒன்றே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். பாலியல் குற்றத்துக்கு உள்ளான குழந்தையின் பெயர், படம், பள்ளி, முகவரி, பெற்றோர் விவரம் என எதுவும் செய்தியில் இடம்பெறக் கூடாது; போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. ஊர்ப் பெயரும் தந்தையின் தொழிலும் சேர்ந்தாலே சிறிய ஊரில் அடையாளம் தெரிந்துவிடும் என்பதால், காவல் துறையின் குறிப்பில் இருக்கிறது என்பதற்காக அப்படியே எடுத்தெழுதாதீர்கள்.

கோடை விடுமுறையில் பயிற்சி வேண்டுமானால், பிப்ரவரிக்குள் விண்ணப்பம் போய்ச் சேரட்டும். மின்னஞ்சல் ஐந்தாறு வரிகள் போதும்: நீங்கள் யார், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வர முடியும், இணைத்துள்ள செய்தி எதைப் பற்றியது, பயிற்சிக் காலத்தில் எழுத நினைக்கும் இரண்டு செய்திகள் எவை. கல்லூரித் துறைத் தலைவரின் கடிதத்தையும் கையோடு வாங்கி இணைத்துவிடுங்கள். பத்து நாட்களில் பதில் வரவில்லையென்றால், மாலைப் பரபரப்பு தொடங்கும் முன், முற்பகலில் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள்.