கால் 40 (Cal 40) பாய்மரப் படகு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வணக்கம் ஐயா. ரேசர்-குரூஸர் என்றால் என்ன? அந்த வகைக்கு ஏன் எப்போதும் கால் 40 படகையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறீர்கள்?

பதில்: வார இறுதியில் பந்தயம் ஓடவும், விடுமுறையில் குடும்பத்தோடு நெடும்பயணம் போகவும் ஒரே படகு உதவ வேண்டும் என்பதே அந்த வகையின் நோக்கம். இரண்டு வேலையையும் செய்யும் படகுகள் பெரும்பாலும் இரண்டிலும் அரைகுறையாகவே நின்றுவிடும். 1963-இல் கலிபோர்னியாவில் வெளிவந்த கால் 40, உள்ளே படுத்துறங்கிச் சமைத்துச் சாப்பிட வசதியுள்ள படகாக இருந்தும், அன்றைய பெரும் கடற்பந்தயங்களை ஒன்றன்பின் ஒன்றாக வென்றது. அதனால்தான் அதன் பெயர் என் வாயில் முதலில் வருகிறது.

கேள்வி: வடிவமைத்தவர் யார்?

பதில்: பில் லாப்வொர்த். இப்படி ஒரு படகு வேண்டுமென்று தூண்டியவர் லாஸ் ஏஞ்சலஸ் பாய்மரப் பந்தய வீரர் ஜார்ஜ் கிரிஃபித். கட்டியது கோஸ்டா மெசாவில் ஜாக் ஜென்சன் நடத்திய ஜென்சன் மரைன் நிறுவனம். நீளம் சுமார் 12 மீட்டர், அகலம் 3.35 மீட்டர், மொத்த எடை ஏறத்தாழ 6,800 கிலோ. அதில் 2,700 கிலோவுக்கு மேல் அடிப்பகுதியில் கிடக்கும் ஈயம்.

கேள்வி: நான் தூத்துக்குடிக்காரன். எங்கள் மீனவர்களின் ஃபைபர் போட்டும் இதுவும் ஒரே பொருளா?

பதில்: அடிப்படையில் ஒன்றுதான். அச்சுக்குள் கண்ணாடியிழைப் பாயை விரித்து, பிசினை ஊற்றித் தேய்த்து, அடுக்கடுக்காகக் கனம் ஏற்றும் முறை இரண்டுக்கும் பொது. கால் 40-இல் உள் அறைகளைப் பிரிக்கும் ஒட்டுப்பலகைச் சுவர்களையும் கண்ணாடியிழைப் பட்டைகளால் வெளிக்கூட்டோடு பிணைத்தார்கள். ஒரே அச்சிலிருந்து அடுத்தடுத்துக் கூடுகளை எடுக்க முடிந்ததால், மரத்தில் தனித்தனியாகக் கட்டும் பந்தயப் படகைவிட இது எளிதாகப் பலரின் கைக்கு எட்டியது.

கேள்வி: சுக்கானைத் தனியே தொங்கவிட்டதுதான் இதன் பெரிய புதுமை என்கிறார்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அக்காலக் கடற்படகுகளில், கீல் எனப்படும் அடித்தண்டு முன்பக்கத்திலிருந்து பின்பக்கத்தை நோக்கி நெடுக நீண்டு, பின்கோடிக்கு முன்பே முடியும். சுக்கான் அதன் பின்விளிம்பிலேயே மூட்டு போட்டுத் தொங்கும். அந்தச் சுக்கான் படகு திரும்பும் மையத்துக்கு அருகில் இருப்பதால், பின்னாலிருந்து வரும் அலை பின்புறத்தைத் தூக்கி ஒரு பக்கமாகத் தள்ளும்போது, படகை நேராக்கச் சுக்கானை மிக அதிகமாகத் திருப்ப வேண்டியிருக்கும். அப்படித் திருப்பிய சுக்கான் தண்ணீரில் தடுப்புப் பலகையைப் போல நின்று வேகத்தையும் தின்றுவிடும். லாப்வொர்த் கீலைக் குறுக்கி நடுவில் நிறுத்தி, சுக்கானைப் படகின் பின்கோடியில் தனியாக வைத்தார். நெம்புகோலின் நீளம் கூடியதால் சிறிய திருப்பமே போதுமானதாயிற்று. தண்ணீரை உரசும் பரப்பும் குறைந்தது. சுக்கானின் முன்னால் காவலுக்கு எதுவுமில்லை, மிதக்கும் கட்டை மோதினால் என்ன கதி, முழுப் பாரத்தையும் ஒற்றைத் தண்டு தாங்குமா என்றெல்லாம் பழையவர்கள் ஐயப்பட்டார்கள். அந்த ஐயம் நியாயமானதே. ஆனால் பந்தய முடிவுகள் அதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டன.

கேள்வி: வேகம் எவ்வளவு?

பதில்: நீர்க்கோட்டு நீளம், அதாவது தண்ணீர் மட்டத்தில் படகின் நீளம், சுமார் 9.25 மீட்டர் என்பதால், தான் எழுப்பும் அலைக்குள் அடங்கி ஓடும்வரை படகின் வேகம் கணக்குப்படி 7.4 நாட் (மணிக்கு 7.4 கடல் மைல்) அளவில் நின்றுவிட வேண்டும். ஆனால் எடை குறைவாகவும் அடிப்பகுதி தட்டையாகவும் இருந்ததால், பின்காற்று பலத்தால் அலைச்சரிவில் வழுக்கிக்கொண்டு அந்த வரம்பைத் தாண்டி ஓடியது. இன்றைய கண்ணுக்கு அது கனமான படகு. அன்றைக்கு அதை அளவுக்கு மீறி இலேசானது என்றார்கள்.

கேள்வி: வென்ற பந்தயங்களைச் சொல்லுங்கள்.

பதில்: லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஹொனலுலுவரை 2,225 கடல் மைல் ஓடும் டிரான்ஸ்பாக் பந்தயத்தில் 1965, 1967, 1969 என்று மூன்று முறை தொடர்ந்து ஒட்டுமொத்த வெற்றி கால் 40-க்கே. வியாபாரக் காற்று எனப்படும், ஒரே திசையில் நிலையாக வீசும் கடற்காற்று பின்னாலிருந்து தள்ளும் பாதை அது. அதற்கென்றே செய்ததுபோல இந்தப் படகு அமைந்துவிட்டது. ஆனால் பின்காற்றில் மட்டும் ஓடும் படகு என்று ஒதுக்கிவிட வேண்டாம். 1966-இல் அமெரிக்கப் பாய்மர வீரர் டெட் டர்னர் ஃபுளோரிடாப் பக்கத்து எஸ்.ஓ.ஆர்.சி. (SORC) என்ற கடற்பந்தயத் தொடரை வென்றதும், அதே ஆண்டு தண்டர்பேர்ட் என்ற படகு பெர்முடா பந்தயத்தை வென்றதும் கால் 40-இல்தான். 1985-இல், வடிவமைத்து இருபதாண்டுகள் கடந்தபின், மீண்டும் ஒரு கால் 40 டிரான்ஸ்பாக்கை வென்றதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய வெற்றியாகப் படுகிறது.

கேள்வி: உள்ளே குடும்பத்தோடு தங்க முடியுமா?

பதில்: முடியும். ஆனால் இன்றைய படகுகளின் விசாலத்தை எதிர்பார்க்காதீர்கள். பின்பக்கத்துப் படுக்கைகள் சுரங்கம்போல ஒடுக்கமானவை. படகு சாய்ந்து ஓடும்போது உருண்டு விழாமல் உறங்க அந்த ஒடுக்கமே நல்லது.

கேள்வி: வெளிநாட்டில் வேலை செய்கிறேன். பழைய கால் 40 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் தரைப்பலகையைத் தூக்கி, பாய்மரத்தின் அடியைத் தாங்கும் எஃகு உத்திரத்தைப் பாருங்கள். படகின் அடித்தளத்தில் தேங்கி நிற்கும் உப்புநீரில் அது துருப்பிடித்து உப்பிப் போவது இந்தப் படகின் பழைய நோய். சுத்தியலால் தட்டினால் செதில் செதிலாக உதிர்கிறதென்றால், மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். அடுத்து, உட்சுவர்களைக் கூட்டோடு பிணைக்கும் பட்டைகள் விளிம்பில் விட்டுப்போயிருக்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். சுக்கான் படகோடு முதலில் வந்ததா, பின்னாளில் படகு வடிவமைப்பாளர் கார்ல் ஷூமாக்கர் வடிவமைத்த மாற்றுச் சுக்கானா என்றும் கேளுங்கள். பின்னதாக இருந்தால் விற்பவர் சற்றுக் கூடுதலாகக் கேட்பதில் தவறில்லை.